ஏணியிலிருந்து விழாதவர்

மகள் நகப்பூச்சை அழிக்க ஒரு சீசாவைத் திறந்தாள். வெளியே போய் அழித்துக்கொள் என்று சிடுசிடுத்தேன். அறுந்த பிலிமை ஒட்ட அப்பா வைத்திருந்த பசைக்கும் இதே நெடிதான்.

பள்ளிபாளையத்தில் அப்பா ஆபரேட்டராக இருந்த டென்ட் கொட்டகை நின்ற இடத்தில் இன்று நூல் குடோன் இருக்கிறது. அங்கே மெயின் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு பழைய ஹாலிவுட் ஊமைப்படம் ஓடும். தொப்பி போட்ட சிரிப்பு நடிகர் ஒருவர் ஏணியில் ஏறி விழுவார். விழும் இடத்தில் ரீல் அறுந்து அறுந்து, அப்பா வெட்டி வெட்டி ஒட்டியதில், கடைசியில் விழுவதே இல்லாமல் போய், உச்சியில் தள்ளாடியவர் மறுகணமே தரையில் நின்று தொப்பியைத் தட்டிக்கொண்டிருப்பார், மணலில் உட்கார்ந்த நாங்கள் வாயில் முறுக்கோடு சிரிப்போம்.

“உழுந்து உழுந்தே பேரெடுத்த மனுசன், சாமி. பேசற படம் வந்ததும் அவரைய ஆரும் கூப்பிடலையாம்,” என்பார் அப்பா.

ஒரு மத்தியானம், மழைக்காற்றில் பிய்ந்த கூரைத்துணியைக் கட்ட ஏணியில் ஏறிய அப்பா, உச்சியில் தள்ளாடி விழுந்தார். நானும் தம்பியும் கைதட்டிச் சிரித்தோம்.

“எந்திரிச்சுத் துண்டைத் தட்டுங்கப்பா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஓடிவந்த டிக்கெட் கிழிப்பவர் அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் வாயைப் பொத்தினார்.