தங்கவேலுவின் பாலப் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை தங்கவேலுவின் மகள் தொலைபேசியில் பேசினாள். "மாமா, அப்பா போயிட்டாங்க. ஒபிஸ்ல எல்லாருக்கும் நீங்கதான் சொல்லணும்" என்றாள். சொன்னேன். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது துக்கத்தைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவரோடு வேலை செய்த உங்களில் சிலருக்குக் காரணம் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

மாத்தளையில் வீதி அலுவலகமொன்றில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர்; நான் தட்டெழுத்தாளன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து அந்த வேலைக்கு வந்தவர். வயதில் எனக்கு மூத்தவர் என்றாலும், நான் முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற பொருளில் என்னை "நானா" என்றுதான் அழைப்பார்.

மாவட்டத்துப் பழைய பாலங்களைப் பார்த்து வரும்படி பொறியியலாளர் ஒரு நாள் என் முன்னால்தான் அவரிடம் சொன்னார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. தங்கவேலு மாதக்கணக்கில் அலைந்தார். துருப்பிடித்த கைப்பிடியையும் உதிர்ந்த சாந்தையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தூண் நிற்கும் மண்ணைக் கம்பியால் குத்திப் பார்ப்பார். "எது பழசுன்னு கேக்காதீங்க நானா. எது விழும், விழுந்தா மேல யார் இருப்பாங்க, அவங்களுக்கு வேற பாதை இருக்கான்னு கேளுங்க" என்பார்.

பலவீனத்தின் அளவுக்கு ஒரு புள்ளி, விழுந்தால் வரும் நாசத்தின் அளவுக்கு ஒரு புள்ளி. இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்தினார். தம்புள்ளைக்கு மரக்கறி லொறிகள் போகும் பெரிய பாலங்கள் கீழே போயின. யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சிறு பாலம் முதலாவதாக வந்தது. அடியில் மண் அரித்துப் போயிருந்தது. தோட்டத்துச் சனத்துக்கு வேறு வழியும் இல்லை. நான்தான் தட்டச்சு செய்தேன். பொறியியலாளர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து, பெரிய வீதிகள் ஏன் கீழே இருக்கின்றன என்று கேட்டு ஒதுக்கி வைத்தார்.

அடுத்த வாரம், அந்தத் தோட்டத்துப் பாலத்தின் அடியில் மறுபடி அளந்துகொண்டிருந்தவரை இராணுவம் பிடித்தது. யுத்த காலம். எந்தப் பாலம், எந்த இடத்தில் பலவீனம், எந்நேரம் அதில் ஆள் அதிகம் என்பதெல்லாம் அவர் பையில் இருந்த பட்டியலில் இருந்தது. ஒரு தமிழன் கையில் அது என்னவாகத் தெரிந்திருக்கும்? பொலிஸார் அலுவலகத்துக்கு வந்து விசாரித்தபோது, பாலங்களைப் பார்க்கும்படி தான் சொல்லவே இல்லை என்றார் பொறியியலாளர். என்னையும் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அன்று மாலையே என்னிடமிருந்த கார்பன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன்.

அவர் உள்ளே இருந்தபோது மழைக்காலம் வந்தது. அந்தப் பாலம் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறியோடு விழுந்தது. லொறியின் பின்னால் ஏறியிருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். முன்கூட்டியே யாரும் எச்சரித்தார்களா என்று விசாரணையில் கேட்டார்கள். பொறியியலாளரின் பிரதி காணாமல் போயிருந்தது. இயற்கை அனர்த்தம் என்று எழுதி முடித்தார்கள்.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு, வழக்கில்லாமல் அவரை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இறந்த பெண்களின் பெயர்களைக் கேட்டார். பிறகு கார்பன் பிரதியைக் கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன்.

"என் பட்டியல முழுசா வாசிச்சது பொலிஸ் மட்டுந்தான் நானா. ஒவ்வொரு வரியா வாசிச்சு வாசிச்சு அடிச்சாங்க."

என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கம்பியை எடுத்துக்கொண்டு முதல் பாலத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டாவது பட்டியலையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அதுவும் பொறியியலாளரின் அதே மேசைக்குத்தான் போனது. ஒரு பாலத்தையும் திருத்த ஆள் வரவில்லை. அவர் ஓய்வு பெற்றார்.

அவரை மயானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் இருக்கும் பாலம் அந்த இரண்டாவது பட்டியலில் முதலாவது. ஊர்வலம் அதை நெருங்கியபோது நான் முன்னால் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். பெட்டியைத் தூக்குபவர்கள் மட்டும் முதலில் போகட்டும், மற்றவர்கள் ஐந்தைந்து பேராக வாருங்கள் என்றேன். சனம் முணுமுணுத்தது, ஆனாலும் கேட்டது. மலர்வளையத்தோடு வந்திருந்த பொறியியலாளரும் என் பக்கத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தார். இந்தப் பாலத்துக்கு என்ன என்று என்னிடம் விசாரித்தார்.

பொறியியலாளரின் அலுமாரியில் அந்தப் பட்டியல் வருடக்கணக்காகக் கிடக்கிறது. என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. தங்கவேலுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இனி யார் வந்து கேட்டாலும், அது அலுவலகம் சொல்லிச் செய்த வேலை, நான்தான் தட்டச்சு செய்தேன் என்று சொல்வேன்.