ஒரிஜினல் பச்சை

பெயிண்ட் கடை வைத்திருப்பவளிடம் கடைக்கு வெளியே யாரும் நிறம் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், முதல் ஆளாக நான் வரவேற்பேன். காலையில் ஷட்டரைத் தூக்கினதிலிருந்து இறக்கும்வரை "இது கொஞ்சம் டல்லா இருக்குது", "அது கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்விட்டது. என் வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளை. ரசனை என்று நினைக்க வேண்டாம், அலுப்புதான். அப்படிப்பட்ட என்னிடம் வந்துதான் என் தம்பி ஒரு பச்சையைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னான். அதுவும் ஒரு பழைய காரின் எஞ்சினுக்கு.

கார் எங்கள் அப்பாவுடையது. நைனா என்றுதான் கூப்பிடுவோம். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். கோட்டை பார்க்க வருகிறவர்கள், சிங்கவரம் கோயிலுக்குப் போகிறவர்கள், பிரசவ வலியோடு திண்டிவனம் போகிறவர்கள், எல்லாருக்கும் அந்த வண்டிதான். என்ன மாடல் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்த மாடலுக்கென்றே இருக்கும் பைத்தியங்கள் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். என் தம்பி ஒருவனே எனக்குப் போதும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு கடை என் தலையில் விழுந்தது. அம்மா போன பிறகு நைனா வந்தார். நைனாவோடு வண்டியும் வந்தது. அது ஓடாத வண்டி. கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட் போட்டு நிறுத்தினோம். அதற்குள் நைனாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது. பிறகு தெரு. பிறகு அம்மா செத்துப்போனது. என்னைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நானும் மறந்துபோனேன்.

மறக்காதது அந்த வண்டி ஒன்றுதான். வீட்டுக்குள் தட்டு வைத்தால் தொடமாட்டார். "சவாரி நிக்குது" என்று எழுந்துவிடுவார். ஊட்டப் போனால் கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் வெறுத்துப்போய்த் தட்டோடு அவர் பின்னாலேயே ஷெட்டுக்குப் போனேன். பானட்டைத் தூக்கினார். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எஞ்சினின் மேல்மூடியை ஒரு துடை துடைத்தார். பானட்டை இறக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"எங்கம்மா போவணும்?" என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மேல்சித்தாமூர் மடத்துக்கு, டிரைவரே. இன்னும் ஆளுங்க வரணும். அதுக்குள்ள நீங்க சாப்ட்டுடுங்க."

தட்டை வாங்கி முழுவதும் சாப்பிட்டார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியிலேயே சாப்பிட்டு முடிப்பது அவருடைய ஆயுள் பழக்கம். எனக்குத்தான் அது அத்தனை நாள் உறைக்கவில்லை. அன்றிலிருந்து மதியமானால் கடையைச் சாத்திவிட்டு வந்து நான் சவாரி ஆவேன். ஒருநாள் சிங்கவரம், ஒருநாள் பனமலை. நைனா என்று கூப்பிட்டால் குழம்புவார் என்பதால் டிரைவரே என்றுதான் கூப்பிடுவேன். பெற்ற அப்பனை டிரைவரே என்று கூப்பிடுவது முதல் வாரம்தான் கஷ்டமாக இருந்தது.

தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். தங்கமான பையன். அதனாலேயே அவனைத் திட்டவும் முடியாது. அவன் எங்கேயோ படித்திருக்கிறான், பழைய பொருளைப் பழையபடியே கண்ணில் காட்டினால் மறதிக்காரர்களுக்கு நினைவு திரும்பும் என்று.

"அக்கா, கம்பெனிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிடலாம்க்கா. நைனாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடும்" என்றான்.

எல்லாம் ஞாபகம் வந்தால் அம்மா போனதும் ஞாபகம் வருமே, அதற்கு நீயா வந்து பக்கத்தில் உட்காரப்போகிறாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வண்டியை மெக்கானிக் பாயின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சினைக் கழற்றி மரக்கட்டைமேல் இறக்கினார்கள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். எஞ்சினின் மேல்மூடி ரோஸ் நிறத்தில் இருந்தது.

அந்த ரோஸுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. மாட்டுப் பொங்கலன்று தெருவே மாடு குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிக்கும்போது நைனா சும்மா நிற்கமாட்டார். சோறு போடுவது வண்டிதானே என்று அதைக் கழுவி, பானட்டைத் திறந்து, எஞ்சின் தலைக்குக் கொம்பு பெயிண்ட் அடித்துவிடுவார். ஆனால் நம் ஊரில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்து அடித்தாலும் அது ஏதாவது ஒரு கட்சிக் கொடியாகிவிடும். வழியில் பானட்டைத் திறந்தால் சவாரிக்காரன் பார்ப்பான், மறுநாள் வேறு வண்டிக்குப் போய்விடுவான். அதனால் சிவப்பில் வெள்ளையைக் கலந்து ரோஸ் ஆக்கிக்கொள்வார். "ரோசுல கொடி புடிக்கிற கட்சி இன்னும் பொறக்கல" என்பார். "ஜாக்கெட் துணி கலர்ல எஞ்சினா?" என்று அம்மா சிரிப்பாள். கொம்பு பெயிண்டுக்கு எஞ்சின் சூடு தாங்காது. சித்திரை வெயிலில் கருகி நாறும், உரியும். அடுத்த பொங்கலுக்கு அதன்மேலேயே இன்னொரு பூச்சு ஏறும்.

தின்னரை ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டதும் அத்தனை வருஷத்து ரோஸும், அதற்கு அடியிலிருந்த ஒரு கறுப்பும் பட்டைபட்டையாக உரிந்து வந்தன. பாய் எல்லாவற்றையும் கூட்டிக் குப்பையில் போட்டார். கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன நிறம் இருந்திருக்கும் என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது. தம்பி போனில் அந்த மாடல் பைத்தியங்களின் குரூப் ஒன்றில் இருந்தான். ஒருவர் கரும்பச்சை என்றார். இன்னொருவர் சாம்பல் கலந்த பச்சை, அதைத் தவிர வேறு அடித்தால் பாவம் என்கிற மாதிரிப் பேசினார். மூன்றாவது ஆள் நீலம் ஓடும் என்றார். எல்லாரும் போட்டோ அனுப்பினார்கள். ஒரே எஞ்சின் காலை வெயிலில் ஒரு பச்சை, டியூப் லைட்டில் வேறு பச்சை. போட்டோவைப் பார்த்து நிறம் கலக்கச் சொல்கிறவனைக் கடைப்படி ஏற்றக்கூடாது என்பது என் கொள்கை. தம்பி என்பதால் ஏற்றினேன். கலந்து கலந்து தகரத் துண்டுகளில் பூசிக் காயவைத்தேன். அவன் அதைப் படம் பிடித்து அனுப்புவான். அவர்கள் இல்லை என்பார்கள்.

பாய்க்கும் அலுத்துவிட்டது. "தம்பி, ஆயிலு உள்ள ஓடுது, கலரு வெளிய கீது. எதுனா ஒன்ன அடிச்சு எஞ்சின எறக்குவோம். ஷெட்டுல எடம் இல்ல" என்றார். தம்பி கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று போவான், வருவான், மறுபடி அதே பேச்சு.

இங்கே வீட்டில் நைனா சாப்பிடவில்லை. காலியான ஷெட்டில் போய் நிற்பார். "வண்டி எங்க?" "சர்வீசுக்குப் போயிருக்குது, டிரைவரே." "சரி, வரட்டும்." அவ்வளவுதான். வண்டி வந்தால்தான் சோறு. கஞ்சியும் பாலுமாக எதையோ உள்ளே தள்ளினேன், பாதி என் புடவையில். தெரிந்தவருடைய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அதில் உட்காரச் சொன்னேன். "அடுத்தவன் வண்டில ஒக்காந்து சாப்புடறதா? நல்லாருக்குதும்மா நாயம்" என்று இறங்கிவிட்டார். சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. ராத்திரியெல்லாம் கதவைத் திறக்கப் பார்ப்பார். எனக்குத் தூக்கம் என்பது கல்லாப்பெட்டிமேல் தலை சாய்ந்தால்தான் என்றாகிவிட்டது.

தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உன் பச்சைய நீயே வெச்சுக்கடா. எனக்கு வண்டி வேணும். அந்த மனுஷன் சாப்டணும்."

"ஒரே ஒரு வாரம்க்கா. சரியா பண்ணிட்டா நம்மளையே அடையாளம் தெரிஞ்சுடும்க்கா" என்றான். குரல் உடைந்தது. அவனையும்தான் நைனாவுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் எப்படித் திட்டுவது?

மறுநாள் நானே பாயின் ஷெட்டுக்குப் போனேன். வீட்டுக் கதவானாலும் கிரில் ஆனாலும் பழைய நிறம் வேண்டுமென்றால் வெயிலும் கையும் படாத இடத்தைத்தான் பார்ப்பேன். கீலுக்கு அடியில், தாழ்ப்பாளுக்குப் பின்னால். எஞ்சினிலும் டைனமோவைத் தாங்கும் இரும்பைக் கழற்றச் சொன்னேன். அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்தபோது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சை தெரிந்தது. மங்கல், கொஞ்சம் சாம்பல். அந்த இரும்பையே கடைக்கு எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் கலந்தேன். ஈரத்தில் ஒரு படி வெளுப்பாக நிறுத்தினேன், காய்ந்தால் கறுக்கும் என்று. காய்ந்ததும் எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. குரூப்பில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சீட்டுக்கெல்லாம் புது ரெக்சின் போட்டு, வண்டி ஓடியே வீடு வந்தது. சாவியை நான் முதல் வேலையாகப் பீரோவில் பூட்டினேன். தம்பி நைனாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். வண்டியைப் பார்த்ததும் நைனாவின் நடை மாறியது. நேராகப் போய் பானட்டைத் தூக்கினார். தம்பி போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

நைனா எஞ்சினை வெகுநேரம் பார்த்தார். ஆயில் குச்சியைத் தொடவில்லை. மெதுவாக பானட்டை இறக்கினார்.

"யார் வண்டி இது?" என்றார். "நல்ல வண்டிதான். சொந்தக்காரங்க வந்தா திட்டப்போறாங்க, எடுத்துட்டுப் போங்கப்பா."

நான் தட்டோடு நின்றேன். மேல்சித்தாமூர் என்றேன், சிங்கவரம் என்றேன். "நம்ம வண்டி சர்வீசுக்குப் போயிருக்குது. வேற வண்டி பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைனா அந்த வண்டியைப் புதிதாக வாங்கவே இல்லை. கடலை வியாபாரம் செய்த ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் ஓட்டி அலுத்து விற்றது. அவர் எஞ்சின் முழுவதும் கறுப்பு அடித்து வைத்திருந்தார் என்று நைனாவே சொல்லியிருக்கிறார். கம்பெனிப் பச்சையை நைனா ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்காத ஒரு நிறத்துக்காகத்தான் நாங்கள் அத்தனை பாடுபட்டோம். தம்பியிடம் சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்து அழுதான். சாயங்கால பஸ்ஸுக்கு ஏற்றி அனுப்பினேன். பஸ் ஏறும்போது, "ஏதாவது பண்ணுக்கா" என்றான். இந்த வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை பேர் எத்தனை முறை என்னிடம் சொல்லியிருப்பார்கள்!

மறுநாள் காலை கடையில் பொங்கலுக்கு விற்காமல் நின்றுபோன கொம்பு பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்தேன். சிவப்பு. அதில் வெள்ளையை ஊற்றினேன். அளவு பார்க்கவில்லை, ஷேட் கார்டும் பார்க்கவில்லை. ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து, நானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த அந்த ஒரிஜினல் பச்சைமேல் அப்பினேன். வழிந்த இடத்தில் வழிந்தது. நைனா அடித்தாலும் வழியும்.

மதியம் அவரே ஷெட்டுக்கு வந்தார். பானட்டைத் தூக்கினார். விரலால் மூடியைத் தொட்டார். விரல் நுனியில் ரோஸ் ஒட்டியது.

"இன்னும் காயல" என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஆயில் குச்சியை உருவினார்.

கை கழுவி வந்து உட்கார்ந்தார். தட்டை மடியில் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"எங்கம்மா போவணும்?"

எனக்கு ஒரு ஊர்ப் பெயரும் வாயில் வரவில்லை.

"தூங்கற எடமா பாத்து எங்கயாவது எறக்கி வுடு, நைனா" என்றேன்.

அவர் குழம்பவில்லை. ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "ஏறும்மா. தூங்கு. எடம் வந்ததும் நான் எழுப்பறேன்."

ஏறிப் படுத்தேன். புது ரெக்சின் வாசமும் ஈரப் பெயிண்ட் வாசமும் அடித்தன. எப்போது கண் மூடினேன் என்று தெரியாது. விழித்தபோது வெயில் ஷெட்டின் மறுபக்கம் இறங்கியிருந்தது. கடையைத் திறக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. காலித் தட்டு முன்சீட்டில் இருந்தது. நைனா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நான் அசைந்ததைக் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னும் வரலம்மா. தூங்கு" என்றார்.