கேமரா தெரியாத காலை

செஞ்சியில் வீடு வீடாக நெட் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. அப்டேட் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. வீட்டில் மாட்டும் ரவுட்டர் பெட்டிக்குள் பெரும்பாலான இடம் கம்பெனி சாஃப்ட்வேருக்கு. அதில் யாரும் எழுத முடியாது. மிச்சமிருக்கும் துளி இடத்தில்தான் வீட்டுக்காரர் வைத்த வைஃபை பேரும் பாஸ்வேர்டும் இருக்கும். அப்டேட் ஒவ்வொரு முறையும் பெருத்துக்கொண்டே போகிறது, பெட்டி மட்டும் அதே பழைய பெட்டி. இடம் பத்தாவிட்டால் அந்தத் துளியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். "பழைய மாடலுக்கு அனுப்பாதீங்க சார்" என்று மேலே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவர்கள் அனுப்புவார்கள், மறுநாள் நான் அலைவேன்.

அன்றும் நாலைந்து வீடு முடித்து டீக்கடையில் உட்கார்ந்தபோது போன் வந்தது.

"அண்ணே, கேமரா தெரியல. காலையிலேர்ந்து கருப்பாவே இருக்குது."

அவலூர்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மா. புருஷன் பக்கவாதத்தில் படுத்தவர். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்டியதே நான்தான். அந்த அம்மா அதைப் போனில் பார்த்துக்கொண்டே கடையில் இருப்பார், புருஷனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவார்.

"பக்கத்து வூட்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்ட்டாங்கண்ணே. சந்தை நாளு, கடைய உட்டுட்டு வர முடியல. சாவி கதவு நெலைக்கு மேலதான் இருக்குது."

"இன்னாம்மா, நான் இன்னும் சாப்டக்கூட இல்ல" என்றேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கினார். நானும் தூக்கி, "நல்லாருக்கீங்களா" என்றேன். நேரே ரவுட்டரிடம் போனேன்.

நினைத்தது போலவே ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, கம்பெனி கொடுத்த முதல் பாஸ்வேர்டைக் கேட்டது. அது பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ஆயுத பூஜைக்கு மிக்ஸி, தராசோடு ரவுட்டருக்கும் பொட்டு வைப்பார்கள். இந்த அம்மா லைட்டை மறைக்கக் கூடாதென்று, பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கர் மேலேயே சந்தனத்தை அப்பியிருந்தார். காய்ந்து கல்லாகிக் கிடந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கட்டிலோரம் சொம்பில் தண்ணீர் இருந்தது. துணியை அதில் முக்கி முக்கித் தேய்த்தேன். அவர் என்னையே பார்த்தார், மறுபடி கையைத் தூக்கினார். "ஆயிடும், ஆயிடும்" என்றேன். ஒருவழியாக எண்கள் தெரிந்தன. கேமரா மாட்டும்போது குறித்துவைத்த பழைய பேரும் பாஸ்வேர்டும் போட்டதும் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. உடனே போன்.

"தெரியுதுண்ணே." அப்புறம் குரல் உடைந்தது. "அவருக்குத் தண்ணி குடுங்கண்ணே. கை தூக்குனா தண்ணின்னு அர்த்தம்."

சொம்பைப் பார்த்தேன். தண்ணீர் சந்தன நிறத்தில் கலங்கிக் கிடந்தது. ஓடிப்போய் அடுப்படிக் குடத்திலிருந்து மொண்டு வந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினேன். குடித்து முடித்த பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.