ஜானிஸ் ஃபியரனின் கிளட்ச்

ஜானிஸ் ஃபியரன் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது நல்ல மழை. உள்ளே வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அழைக்காமல் உள்ளே வரமாட்டார்கள். நனைந்துகொண்டே, "தொந்தரவு பண்ணலையே?" என்று கேட்பார்கள். அவளும் அதைத்தான் கேட்டாள்.

"தொந்தரவாவது ஒண்ணாவது, உள்ள வா," என்றேன்.

"வேலையா இருந்தீங்கன்னா அப்புறமா வர்றேன் ராய்."

"அட, உள்ள வாம்மா. நனைஞ்சு சாகாத."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். டவுனில் ரவுண்டானா பக்கத்தில் இருக்கும் கார் டீலர் கொடுத்த எஸ்டிமேட். கிளட்ச், அது உரசிச் சுற்றுகிற பிளைவீல் சக்கரம், கூலி, வரி என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பவுண்டு என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தான். அவளுடைய சின்ன நீல டீசல் காரை அப்படியே விற்றால் ஆயிரத்து ஐநூறு வந்தாலே பெரிது.

"நியாயமான விலைதானான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்," என்றாள்.

"நியாயமா? பகல் கொள்ளை! முகமூடி போட்டுக்கிட்டு வந்தவன்கூட இவ்வளவு கேக்க வெட்கப்படுவான்."

"நீங்கன்னா எவ்வளவு வாங்குவீங்க?"

"கிளட்ச் மட்டும்னா நானூத்தம்பது. பிளைவீலும் போயிருந்தா எண்ணூறு. அதுக்கு மேல ஒரு பென்னி வாங்கினேன்னா என்னை உதை. வண்டிய இங்க கொண்டா."

அவள் முகம் வாடிப்போனது. "கொண்டுவர முடியாது ராய். கழட்டிப் பாக்கட்டுமான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன். கியர்பாக்ஸ் இப்ப அங்க தரையில கிடக்காம்."

முப்பத்தைந்து வருடமாகக் கிளட்ச் மாற்றுகிற கை என்னுடையது. இந்த வித்தை எனக்குத் தெரியும். கழற்றிப் பார்க்கச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வண்டி அவர்கள் பிடியில். வேலையைச் செய்யச் சொன்னால் அவர்கள் கேட்ட பணம். வேண்டாம் என்றால், தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தபடி, கழற்றிய கூலி நானூற்று இருபது, மறுபடி பூட்ட அதே மாதிரி இன்னொரு தொகை. இதையெல்லாம் போனில் சொன்னார்களா என்று கேட்டேன். போனில் பேசிய டீலர் கடைப் பையன் ஏதோ வேகமாகச் சொன்னானாம், இவளுக்குக் காதில் சரியாக விழவில்லையாம், மறுபடி கேட்கச் சங்கடமாக இருந்ததாம். "உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்யுங்க, ரொம்ப நன்றி"ன்னு சொல்லி வைத்துவிட்டாளாம்.

நன்றி! தலையில் மிளகாய் அரைக்க வந்தவனுக்கு இவள் நன்றி சொல்லிக் குனிந்து கொடுத்திருக்கிறாள். ஆனால் ஜானிஸை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் ஊர் கிளீட்டர் மூரில் எந்தக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான். சூப்பில் ஈ கிடந்தாலும் "அருமையா இருந்துச்சு"ன்னு சொல்லி டிப்ஸ் வைத்துவிட்டு வருகிற ஜனம்.

ஜானிஸுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. இந்த ஊரிலேயே பிறந்தவள். பதினாறு வயதில் தையல் ஆலைக்குப் போனாள், ஆலையை மூடினார்கள். பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனாள். அதையும் வெளி ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு கிடைத்ததுதான் வீடு வீடாகப் போய்க் கிழடுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவாள். மலைப்பக்கத்துப் பண்ணை வீடுகள் உட்படப் பதினொரு வீடு. எழுப்பி, கழுவி, மாத்திரை கொடுத்து, முட்டை அவித்துக் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓட்டம். ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரத்துக்குத்தான் சம்பளம். அவளோ, கடைசிப் பண்ணையில் தனியாக இருக்கிற வில்ஃப் கிழவரின் காலுக்குக் கட்டு மாற்றவே அரை மணி எடுத்துக்கொள்வாள். "மெதுவாப் பண்ணலேன்னா அவருக்கு வலிக்கும்" என்பாள்.

அந்த வேலைக்குச் சொந்தக் கார் கட்டாயம். கார் இல்லையென்றால் ரவுண்டு இல்லை. வேலை கொடுத்த கம்பெனிக்காரி போனில் சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வராவிட்டால் அந்தப் பதினொரு வீட்டையும் வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்களாம். எனக்குத் தாளை நீட்டியது திங்கட்கிழமை.

பிறகு ஏன் டீலரிடம் போனாள் என்று கேட்பீர்கள். எல்லாம் நார்மன் செய்து வைத்தது. நார்மன் அவள் புருஷன், லாரி ஓட்டியவன், மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவன் வருடம் தவறாமல் வண்டியை டீலரிடம்தான் சர்வீசுக்கு விடுவான். சர்வீஸ் புத்தகத்தில் அவர்கள் முத்திரை விழ வேண்டும், அப்போதுதான் விற்கும்போது விலை போகும் என்பது அவன் கணக்கு. அவன் போன பிறகும் இவள் அதையே செய்தாள். புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை வேறு போட்டு வைத்திருந்தாள். ஒரு முத்திரை விடுபட்டால் நார்மனுக்குப் பிடிக்காது என்று ஒருமுறை என்னிடமே சொன்னாள். செத்தவனுக்குப் பிடிக்காதாம்!

செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு டீலரிடம் போனேன். வாய் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் சத்தியம் வாங்கினாள்.

கண்ணாடிச் சுவர், வெள்ளைத் தரை, மூலையில் காபி மெஷின். ஆஷ்டன் என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு இளைஞன் வந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க மேடம். காபி? டீ?"

"இல்லப்பா, வேணாம், சிரமப்படாத. மன்னிச்சுக்கோ, உன் நேரத்த வீணாக்குறேன்," என்றாள் இவள்.

"அதெல்லாம் இல்ல மேடம். எஸ்டிமேட் பாத்தீங்களா? எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ், ரெண்டு வருஷம் வாரண்டி."

"வண்டியே ரெண்டு வருஷம் ஓடாது, அதுக்கு வாரண்டியா?" என்றேன். அதற்குமேல் என்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "பிளைவீல எங்க, காட்டு. நான் பாக்கணும்."

"சார் யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள் ஜானிஸ் அவசரமாக. "மன்னிச்சுக்கோப்பா, அவர் கொஞ்சம் சத்தமாப் பேசுவார்."

"வொர்க்‌ஷாப்புக்குள்ள கஸ்டமர விடக்கூடாது சார். இன்ஷூரன்ஸ் ரூல்."

"அப்படின்னா பிளைவீல இங்க தூக்கிட்டு வா. காபி குடுக்கத் தெரியுதுல்ல?"

ஜானிஸ் என் கையைக் கிள்ளினாள். "ராய், எல்லாரும் பாக்கறாங்க." எல்லாரும் என்றால் ஒரு கிழவனும் அவன் நாயும். அந்த நாய்க்குக்கூட எங்கள் மேல் அக்கறை இல்லை. ஆனால் ஜானிஸின் கழுத்து வரை சிவந்துவிட்டது. மூன்றாவது முறையாக மன்னிப்புக் கேட்டாள். பையனும் "பரவால்ல மேடம்" என்று பெருந்தன்மையாக மன்னித்தான். அடப்பாவி, யார் யாரை மன்னிக்கிறது!

திரும்பி வரும்போது நான் வழி சொன்னேன். கழற்றிய கூலி நானூற்று இருபதை அவன் முகத்தில் விட்டெறியலாம், அதை நான் தருகிறேன், அவள் மெதுவாகத் திருப்பித் தரட்டும். வண்டியை, பெட்டியில் போட்ட கியர்பாக்ஸோடு, டிரெய்லரில் ஏற்றி வந்துவிடுகிறேன். வியாழன் ராத்திரிக்குள் பூட்டிக் கொடுக்கிறேன். அப்படிச் செய்தால் வெள்ளிக்கிழமை காலை அவள் வில்ஃப் வீட்டில் இருப்பாள்.

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு ராய். யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

யோசிச்சுச் சொல்றேன் என்றால் எங்கள் ஊரில் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் நச்சரிப்பு என்பார்கள்.

புதன்கிழமை அவள் தனியாக பஸ் ஏறி டீலரிடம் போயிருக்கிறாள். அந்த ஆஷ்டன் மேனேஜரைக் கூட்டி வந்தானாம். மேனேஜர் அவளை உட்காரவைத்து, பிஸ்கட் தட்டை நகர்த்தி, இந்தப் பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு வைக்க அவருக்கே மனசு வரவில்லை என்றாராம். கழற்றிய கூலியை விட்டுவிடுகிறாராம், வண்டியை அவரே எடுத்துக்கொண்டு இருநூறு பவுண்டு கையில் கொடுக்கிறாராம். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். சர்வீஸ் புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையோடு கொடுத்துவிட்டாள்.

"ஏன் ஜானிஸ்? நான்தான் பணம் தர்றேன்னேனே!"

"உங்க காசு எனக்கு எதுக்கு ராய்? அதுவும் அங்க வந்து நீங்க சண்டை போடுவீங்க. இது சுமுகமா முடிஞ்சுது." கிளம்பும்போது, "ரொம்ப மரியாதையாப் பேசினாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பதினொரு வீட்டு ரவுண்டும் கைவிட்டுப் போய்விட்டது. இருநூறு பவுண்டுக்கு இந்தக் காலத்தில் சைக்கிள்கூட உருப்படியாகக் கிடைக்காது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு டவுனில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. போக ஒரு மணி, வர ஒரு மணி பஸ். ஆள் முகம் பார்க்கிற வேலை போய், நாள் முழுக்கப் படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டு. வில்ஃப் வீட்டுக்கு வாரம் ஒரு புது ஆளாக வந்தார்களாம். கால் புண் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் பண்ணைக்குத் திரும்பவில்லை. அதைக் கேட்ட அன்று ஜானிஸ் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். நார்மன் அடக்கத்தன்றுகூட எல்லாருக்கும் சாண்ட்விச் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் அந்த நீல வண்டியை டீலர் வாசலில் பார்த்தேன். கண்ணாடியில் மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று அட்டை. கீழே, "புது கிளட்ச். டீலர் சர்வீஸ் முத்திரை முழுவதும் உண்டு." நார்மனின் கணக்கு தப்பவில்லை. விலை போனது, டீலருக்கு.

இவ்வளவு நேரம் டீலரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவது சுலபம். சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அந்த எஸ்டிமேட் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், மலைச்சாலை ஏற்றத்தில் ஜானிஸின் வண்டிக்குப் பின்னால் போனேன். எஞ்சின் அலறுகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் கருகுகிற வாடை என் வண்டிக்குள் வந்தது. இந்த வாடையில் முப்பத்தைந்து வருடம் சோறு தின்றவன் நான். தட்டு தேய்ந்துவிட்டது, பிளைவீல் இன்னும் தப்பலாம் என்று அந்த நொடியே தெரிந்தது. ஒரு நாள் வேலை, நானூற்றைம்பது பவுண்டு. அன்றைக்கே ஊர் மளிகைக் கடை வாசலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம்.

"எப்படி இருக்கீங்க ராய்?" என்றாள்.

"மத்தியானம் வெயில் வரும்போல," என்றேன். போய்ப் பால் வாங்கினேன்.

பட்டறை வைத்திருக்கிறவன் அடுத்தவர் வண்டியில் குறை சொன்னால், ஆள் பிடிக்கிறான் என்பார்கள் எங்கள் ஊரில். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பதினைந்து வருடம் நார்மன் என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் அந்தக் கண்ணாடி மாளிகைக்கு வண்டியைக் கொண்டுபோனான், கையைக்கூட ஆட்டிவிட்டுப் போவான். அவன் போன பிறகு இவளும் அதேபோல் போனாள். ஒரு தடவை பட்டால்தான் தெரியும் என்று நினைத்தேன். வெட்கக்கேடு, அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு மழைச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். ஏறிக்கொண்டாள். சோப்பு வாடையும் களைப்புமாக உட்கார்ந்திருந்தாள். மனசு அறுத்துக்கொண்டே இருந்ததால் சொல்லிவிட்டேன், வாடை வந்ததை, எனக்குத் தெரிந்திருந்ததை.

"எப்போ?"

"மூணு வாரம் முன்னாடியே."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கும்னு நினைச்சேன்." நார்மன் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் வைப்பர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் குனிந்து, "கொண்டுவந்து விட்டதுக்கு ரொம்ப நன்றி ராய்," என்றாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை நிறுத்திப் பார்த்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையும் நிறுத்தினேன், மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவள் பஸ் நிறுத்தத்துக் கூரையடியில் ஒதுங்கியிருந்தாள். "பஸ் இப்ப வந்துடும், நீங்க கிளம்புங்க," என்றாள் சிரித்துக்கொண்டே. எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது.