கையெழுத்தில்லாத உறை

ஆர்டிஸ் லவரிங் என்ற அம்மாள்தான் எங்கள் ஊர் அலுவலகத்தின் கிளார்க். இருபத்திரண்டு வருடமாக நாய்களுக்கு லைசன்ஸ், கார்களுக்குப் பதிவு, பிறப்பு, இறப்பு எல்லாமே அவர் கையால்தான். என் பிறப்புச் சான்றிதழில் இருப்பதும் அவர் கையெழுத்துதான். அலுவலகத்துக்கு வரும் நாய்க்கு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் கிடைக்கும். மனிதர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

அவரவர் குப்பையை அவரவரே கொண்டுபோய்க் கொட்டும் ஊர் எங்களுடையது; சனிக்கிழமை காலை ஊரே சந்திப்பது குப்பைக் கிடங்கில்தான். அங்கே அவரும் என் அப்பா ராய்ஸும் மோதிக்கொள்வார்கள். கட்சி வேறு.

"வீட்டு முன்னாடி உன் ஆளோட தேர்தல் பலகைய நட்டிருக்கியே, காக்கா விரட்டவா?"

"அதுக்கு உன் மூஞ்சியே போதும், ராய்ஸ்."

அந்த இலையுதிர் காலத்தில் காட்டில் மரம் வெட்டும்போது ஒரு கிளை அப்பாவின் காலில் விழுந்தது. இடுப்புவரை மாவுக்கட்டு. அதனால் தபாலில் ஓட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் சின்ன மாநிலம். ஆனால் அந்த வருடம் அதிபர் போட்டி அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் இரண்டு கட்சிக்காரர்களும் எங்களை விடவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை போன் அடித்தது. சனிக்கிழமை அப்பா போன் கம்பியைப் பிடுங்கிப் போட்டார்.

தேர்தலுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஓட்டுக் கேக்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ! நாய அவுத்து விட்டுருவேன்!" என்று சோபாவில் கிடந்தபடியே அப்பா கத்தினார்.

"அந்த நாய்க்கு லைசன்ஸ் குடுத்ததே நான்தான். கதவத் திறக்கச் சொல்லு."

திறந்தேன். ஆர்டிஸ் நின்றார், கூடவே அவருடைய உதவியாளர் மெர்ல். மெர்ல் அப்பாவின் கட்சி.

"காலையிலேர்ந்து பதினோரு தடவ போன் பண்ணிட்டேன். உன் தபால் ஓட்டு உறையில கையெழுத்து இல்ல, ராய்ஸ். இப்படியே விட்டா நாளைக்குப் பிரிக்காமலே ஒதுக்கிடுவாங்க."

அப்பாவின் முகம் வெளுத்தது. பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிடாதவர் அவர்.

"மெர்ல் எதுக்கு?"

"நான் தனியா வந்து உன் உறையத் தொட்டா, சனிக்கிழமை நீயே என்னத் திருடின்னு சொல்லுவே."

மெர்ல் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"உள்ள யாருக்குப் போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கே தெரியும்."

"வர்ற வழியில ஆத்துல போட்டிருக்கலாமே?"

"அப்புறம் நான் எதுக்கு இந்த வேலையில இருக்கேன்? தேதியும் போடு."

அப்பா கையெழுத்துப் போட்ட உறையோடு பன்னிரண்டு மைல் சேற்றுச் சாலையில் அவர்கள் திரும்பிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை என் முதல் ஓட்டைப் போட ஊர் மன்றத்துக்குப் போனேன். அப்போது தபால் ஓட்டுக்காரர்களின் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். "ராய்ஸ் டட்டில்!" ஆட்சேபம் உண்டா என்று நிறுத்தினார்கள். யாரும் பேசவில்லை. ஓட்டை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பட்டியலில் அப்பாவின் பெயர்மேல் கோடு விழுந்தது. அப்பாவுக்கு நன்றி சொல்ல வராது. அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

எங்கள் மாநிலத்தில் அப்பாவின் ஆள் மயிரிழையில் ஜெயித்தார். சனிக்கிழமை, கிடங்குக்கு வந்தே தீருவேன் என்று அப்பாவும் ஊன்றுகோலோடு கிளம்பி வந்தார். என்ன சொல்லிக் குத்தப்போகிறாரோ என்று எனக்குப் பயம். ஆர்டிஸ் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"பலகைய எடுத்தாச்சா?" என்று கேட்டார் அப்பா.

"எடுத்தாச்சு. சொல்ல வந்தத சொல்லிட்டுப் போ."

அப்பா ஊன்றுகோலில் சாய்ந்தபடி அவருடைய பாட்டில் ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார்.

"போன் கம்பிய மாட்டிட்டேன், ஆர்டிஸ். எதுன்னாலும் கூப்பிடு."

"ஏப்ரல்ல உன் நாய் லைசன்ஸ் முடியுது," என்றார் ஆர்டிஸ். "அப்பக் கூப்பிடுறேன்."