ஆபீசருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது

குடிநீரைப் பரிசோதிப்பது என் வேலை. அதனாலேயே யார் வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீரை நிம்மதியாக வாங்கிக் குடிக்க முடியாமல் போய்விட்டது. மீட்டர் பார்ப்பவர்கள், ஓட்டர் லிஸ்ட் சரிபார்ப்பவர்கள், கொசுமருந்து அடிப்பவர்கள் என்று அடுத்தவர் வாசலில் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் என் சங்கடம் புரியும். நான் வேதியியல் படித்தவன், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒப்பந்த வேலை. பண்ணைப்புரம் தாண்டி ஒரு சின்ன ஊரில், கிழக்குத் தெரு என்ற ஒரே தெருவில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

டிவி பக்கத்தில் இரண்டு பாட்டில்

எங்களிடம் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் உண்டு. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி, ஓரிரு நாள் அப்படியே வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்தால் அதில் கழிவு கலந்திருக்கிறது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். கிழக்குத் தெருக் கடைசிக் குழாயில் பிடித்தது ஒரே நாளில் கறுத்துவிட்டது.

என் கைதான் சுத்தமில்லையோ என்று சந்தேகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல், அடுத்த முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அதே குழாயில் இன்னொன்று பிடித்தேன். அதுவும் கறுத்தது. இரண்டையும் வீட்டில் டிவி பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏலே, இம்புட்டுப் படிச்சதுக்குத் தண்ணிய அழுக வச்சுப் பாக்குற வேலையாடா குடுத்துருக்காக?"

தெளிந்த பாட்டில்

மூன்றாவது முறை அதே தெருவில் பாண்டியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய ஒரு வயதுப் பெண்ணுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காதுகுத்து. வாசலில் பந்தல்கால் இறங்கியிருந்தது. பிள்ளை அக்காவின் தோளில் துவண்டு கிடந்தது. நாலு நாளாக வயிற்றுப்போக்கு. "பல்லு மொளைக்குதுல்ல தம்பி, அப்படித்தேன் இருக்கும்" என்றார் அக்கா. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றும், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றும் சொன்னேன். ஏன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தத் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். பஸ் தாமதமாகி நான் போனபோது குழாய் நின்றிருந்தது. அக்கா ஒரு சொம்பு நிறைய எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். நாமே குழாயில் பிடிக்க வேண்டும் என்பது விதி. நான் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டேன். தப்பு என்னுடையது.

இரண்டு நாளாகியும் பாட்டில் கறுக்கவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்றேன். அவருக்குத் துளியும் ஆச்சரியமில்லை. "பின்ன, ஆபீசருக்குக் குழாத் தண்ணியவா குடுப்பேன்? பக்கத்து வீட்டுக் கேன்ல வாங்கி ஊத்துனேன் தம்பி. குழாத் தண்ணி நாங்க குடிக்கிறதுக்குத்தேன்!"

ஆபீசில் ஒரு யோசனை

இரண்டு கறுப்பு, ஒரு தெளிவு. மூன்றையும் மேஜைமேல் வைத்து மேலதிகாரியிடம் விவரம் சொன்னேன். குடிக்கத் தகாதது என்று எழுதினால் தெருக் குழாய்களை மூட வேண்டும். காதுகுத்துக்கு ஆறு நாள் இருந்தது. "தெளிவா இருக்குறத மட்டும் எழுதிரு. மத்ததை அடுத்த மாசம் பாப்போம்" என்றார்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். ஆனால் அந்தப் பிள்ளை துவண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் எல்லோருக்கும் சொம்பில் கேன் தண்ணீரா வரப்போகிறது? "அது ஊர்த் தண்ணி இல்ல சார்" என்று சொல்லி, மூன்றையும் உள்ளபடியே எழுதி நீட்டினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நல்லா எழுதுற பையன்னு எடுத்தேன். அதுக்காக எல்லாத்தையுமா எழுதுவ?"

ஆளுகளும் குழாயும்

குழாய் மூடிய அன்று கிழக்குத் தெருவில் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது. தண்ணீர் திறந்துவிடும் சுருளியண்ணன் மேல்தான் எனக்குச் சந்தேகம். பிளீச்சிங் பவுடர் வாடைக்குத் தெருவே சண்டை போடுவதால் அவர் போடாமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். மேல்நிலைத் தொட்டியில் அவர் கண்முன்னே தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். மருந்து சரியாக இருந்தது. பாட்டிலும் கறுக்கவில்லை. அப்படியானால் கெடுதல் தொட்டிக்கும் தெருவுக்கும் நடுவில்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படாமல் என்னைத் தெருக்கோடிக்குக் கூட்டிப்போனார். அது கடைசித் தெரு என்பதால் குழாயில் வேகம் கிடையாது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தார்கள். பாத்திரம் கழுவியது, பிள்ளை கழுவியது எல்லாம் அந்தக் குழியில்தான் தேங்கும். தண்ணீர் நின்றதும் குழாய் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுறை திறந்தால் முதல் குடத்தில் அதுதான் வரும். இரண்டு தடவை நானே அந்தக் குழிக்குள் குனிந்து பாட்டிலைப் பிடித்தவன். எங்கள் வீட்டுக் குழாயும் குழிக்குள்தான் இருக்கிறது என்பதால் அது எனக்குக் குறையாகவே படவில்லை. சுருளியண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தண்ணி மேல ஏறி வரமாட்டேன்னுச்சு, அதுனால ஆளுக கீழ எறங்கிட்டாக. அம்புட்டுத்தேன் தம்பி."

வெள்ளிக்கிழமை

மூன்று நாளில் குழிகளை மூடி, குழாய்களை இடுப்பளவுக்கு உயர்த்தி, லைனில் மருந்து விட்டு அலசினார்கள். விசேஷத்துக்கு டிராக்டர் டேங்கில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிள்ளை தெளிந்து, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது ஊரே கேட்கும்படி அழுதது.

அன்று காலை பாண்டியம்மா அக்கா வீட்டுக் குழாயில் என் கையாலேயே ஒரு பாட்டில் பிடித்தேன். இரண்டு நாள் கழித்தும் தெளிவாகவே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். குழாய் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் பாதி நிறைந்த குடம். அக்கா பாட்டிலையும் குடத்தையும் பார்த்தார். "சுத்தமாத்தேன் வருது தம்பி. ஆனா ஒரு குடம் நெறையறதுக்குள்ள பிள்ளைக்குக் காதுப்புண்ணே ஆறிப்போகும்போல!"

கிருமிக்காக வாங்க வேண்டிய திட்டு தாமதத்துக்கான திட்டாக மாறிவிட்டால், அதை நான் பதவி உயர்வு என்றே எடுத்துக்கொள்கிறேன்.