மூன்று மகள் மொழிகளுக்கும் ஒரே வார்த்தை

இன்று அந்தமானில் சௌல்தாரி போகும் பஸ்ஸில், நான் உருவாக்கிவரும் கற்பனை மொழிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய்மொழி, அதிலிருந்து பிரிந்த மூன்று மகள் மொழிகள். தாய் தண்ணீரை ‘பனே’ என்பாள். மகள்கள் ‘ஹனே’, ‘அனே’, ‘வன்’ என்பார்கள்.

பக்கத்து சீட்டு அக்கா, “இது கௌன்சா பாஷை? நிக்கோபாரியா?” என்று எந்த மொழி என்பதை ஹிந்தி கலந்து கேட்டார்.

“இல்லக்கா, நானே உண்டாக்கினது” என்று விளக்கினேன்.

“மூணு பேரும் பேசிக்கிட்டா புரியுமா?”

“புரியாதுக்கா. ரொம்ப விலகிட்டாங்க.”

அவர் முகம் வாடிவிட்டது.

“மெயின்லேண்டுல எங்கக்கா புள்ளைங்களுக்குத் தமிழ் மட்டும்தான். என் புள்ளைங்களுக்கு ஹிந்திதான் வருது. வீடியோ கால்ல ரெண்டு பக்கமும் சிரிச்சிட்டு வெச்சிருதுங்க. நீயாச்சும் ஒரு வார்த்தைய மூணுக்கும் ஒண்ணா வையேன்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் ஒலி விதிகளின்படி எந்த வார்த்தையும் மாறாமல் தப்ப முடியாது. ஒன்றைத் தப்பவிட்டாலும் இத்தனை நாள் கட்டியதில் ஓட்டை விழும். வீட்டுக்குள் நடந்து நடந்து யோசித்து, ஓட்டை விழட்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

எந்த வார்த்தையை விட்டுவைக்கலாம்? சொல்லுங்கள். ‘அம்மா’ மட்டும் வேண்டாம். மூன்று பேரையும் பெற்றுப் பிரித்துவைத்தவளே நான்தான்.